பத்து வருடம் சத்தமில்லாமல் கிடந்தால் பணம் யாருடையது?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய வங்கிப் புத்தகம் வைத்திருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

போன மாதம் எங்களிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் உம்மா பழைய பாஸ் புத்தகம் ஒன்றோடு வந்தார். அவருடைய வாப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், மௌத்தாகிப் பல வருடமாகிறது. அலுமாரியில் புடவைகளுக்கு அடியில் புத்தகம் கிடைத்ததாம். கடைசிப் பதிவு 2007. வங்கிக் கிளைக்குப் போனபோது, "இந்தக் கணக்கு இப்போது எங்களிடம் இல்லை, மத்திய வங்கிக்குப் போய்விட்டது" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அரசாங்கம் எடுத்துக்கொண்டது, கதை முடிந்தது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டு வந்தார்.

கதை முடியவில்லை. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில் இதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு கணக்கில் பத்து வருடம் போடுதலோ எடுத்தலோ நடக்கவில்லை, உரியவரிடமிருந்து தகவலும் இல்லை என்றால், வங்கி அதைக் "கைவிடப்பட்ட ஆதனம்" என்று கணக்குக் காட்டி மத்திய வங்கிக்கு அனுப்ப வேண்டும். ஆனால் உரிமை அழிவதில்லை. உரியவரோ வாரிசோ ஆவணங்களோடு கணக்கிருந்த அதே வங்கி மூலமாகத் திருப்பிக் கேட்கலாம். கவுண்டரில் இருந்தவர் இந்த இரண்டாவது பாதியையும் சொல்லியிருந்தால் அந்த உம்மா அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்.

"கைவிடப்பட்ட" என்ற சொல்லே எங்களுக்குப் பிடிக்கவில்லை. யார் கைவிட்டது? 83 ஜூலையில் உடுத்த உடுப்போடு ஓடி, கப்பலேறி யாழ்ப்பாணம் போனவர்கள் கைவிட்டார்களா? 90 ஒக்டோபரில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட எங்கள் சனங்கள் பாஸ் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டா வந்தார்கள்?

வங்கிகள் சட்டத்தை மீறுகின்றன என்று நாங்கள் சொல்லவில்லை. பட்டியல் போடுகிறார்கள், அறிக்கை அனுப்புகிறார்கள், கடைசியாகத் தெரிந்த முகவரிக்குக் கடிதமும் போடுகிறார்கள். ஆனால் அந்த முகவரி எது? எங்கள் பக்கத்துத் தோட்டத்து வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். ஒரே வரி இலக்கத்துக்குக் கீழே இருபது முப்பது குடும்பம். கடிதம் முதல் வீட்டு வாசலோடு நின்றுவிடும். நகர அபிவிருத்தி அதிகாரசபை எத்தனையோ தோட்டங்களை உடைத்து, ஆட்களைத் தெமட்டகொடை, மட்டக்குளித் தொடர்மாடிகளுக்கு அனுப்பிவிட்டது. வீடே இல்லாத முகவரிக்குப் போட்ட கடிதத்தையும் "அறிவித்தாயிற்று" என்றுதான் கோப்பில் எழுதுவார்கள். எங்களில் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்த கடிதமும் ஆங்கிலத்தில் இருந்தது. கடன் அறவிட வந்திருக்கிறது என்று பயந்து கிழித்துப் போட்டார்கள்.

கண்டெடுத்த பொருளுக்கு மார்க்கத்தில் சட்டம் இருப்பதை மதரஸாவில் படித்த சின்னப் பிள்ளையும் சொல்லும். எடுத்தவர் ஒரு வருடம் சனம் கூடுகிற இடத்தில் அறிவிக்க வேண்டும். அதன் பிறகு செலவழித்தாலும், உரியவர் வந்தால் கொடுத்தாக வேண்டும். இதில் தேடுகிற பொறுப்பு பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கு. நாட்டில் நடப்பதில் அந்தச் சுமை பணத்தை இழந்தவர் தலையில் விழுகிறது. புத்தகம் தொலைந்திருந்தால் எந்த வங்கி, எந்தக் கிளை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வேறு விதமாகவும் செய்யலாம். இந்தியாவிலும் பத்து வருடக் கணக்குதான், 2014 முதல் அப்படிப்பட்ட பணம் ரிசர்வ் வங்கியின் நிதியொன்றுக்குப் போகிறது. ஆனால் 2023 ஆகஸ்டில் "உத்கம்" என்று ஒரு இணையத்தளம் திறந்தார்கள். பெயரைப் போட்டுப் பல வங்கிகளில் ஒரே இடத்தில் தேடலாம். அதே வருடம், நூறு நாளுக்குள் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு வங்கியும் பெரிய நூறு வைப்புகளின் சொந்தக்காரர்களைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி சொன்னது. அமெரிக்காவில் வங்கி மட்டுமில்லை, சம்பளம் வாங்காமல் போன ஊழியரின் காசைக்கூடக் கம்பனிகள் மாநிலத்திடம் ஒப்படைக்க வேண்டும்; சனங்கள் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். இங்கேயும் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டால், பழைய ஒன்பது இலக்கமோ புதிய பன்னிரண்டு இலக்கமோ, எல்லா வங்கியிலும் ஒரே தடவையில் தேடுகிற பொதுப் பட்டியல் வேண்டும். மூன்று மொழியிலும் வேண்டும். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

வங்கியைச் சொல்லிவிட்டு எங்கள் கடைகளைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் பத்து இருபது வருடம் நின்று வேலை செய்த பிள்ளைகள் எத்தனை பேருக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டியிருக்கிறோம்? 1958இலிருந்து சட்டம் இருக்கிறது. இன்றைக்கு முதலாளி 12 சதவீதம், ஊழியர் 8 சதவீதம். கட்டிய இடத்திலும் பெயரை ஒழுங்காக எழுதுவதில்லை. ஒரே முஹம்மது பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், சேமலாப நிதிப் படிவத்தில் மூன்றாவது விதம். 55 வயதில் காசு கேட்கப் போகும்போது, "இது நீங்கள்தான் என்று சத்தியக் கடதாசி கொண்டு வாருங்கள்" என்பார்கள். மறுபக்கம், எங்கள் தெருவில் ஒரு தையற்காரர் இருந்தார். வாங்கப்படாத உடுப்பு ஒவ்வொன்றிலும் பெயரெழுதிய துண்டைக் குத்தி வருடக்கணக்கில் வைத்திருந்தார். எந்தச் சட்டமும் அவரைக் கேட்கவில்லை.

வீட்டில் இப்போதே செய்யக்கூடியதும் இருக்கிறது. பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எந்த வங்கி, எந்தக் கிளை, என்ன இலக்கம் என்று கேட்டு எழுதி வையுங்கள். கேட்டால் மௌத்தை எதிர்பார்க்கிறார்கள் என்று நினைப்பார்களோ என்று கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்தால்தான் பாதிப் பணம் போகிறது. வருடத்துக்கு ஒரு தடவை நூறு ரூபாயாவது போட்டு எடுங்கள். பின்னுரித்தாளர் பெயரைக் கொடுங்கள். அவர் கைக்குப் பணம் வருவதால் முழுதும் அவருடையதாகிவிடாது, வாரிசுகளின் பங்கு பராயிள் முறைப்படி இருக்கிறது என்பதையும் வீட்டில் பேசி வையுங்கள். அதில் சந்தேகம் வந்தால் ஆலிம்களிடம் கேளுங்கள், எங்களிடம் வேண்டாம்.

அந்த உம்மாவின் விடயம் இன்னும் முடியவில்லை. மரணச் சான்றிதழும் அவருடைய பிறப்புச் சான்றிதழும் சரி. கிராம சேவகரின் கடிதமும் வந்துவிட்டது. இரண்டு நானாமாரில் ஒருவர் கட்டாரில் இருக்கிறார், அவருடைய கையெழுத்துக்காகக் காத்திருக்கிறோம். புத்தகத்தில் இருப்பது பதினெட்டாயிரத்துச் சொச்சம். இதே மாதிரிப் பழைய புத்தகம் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு கொண்டு வாருங்கள். எந்த மதத்தவராக இருந்தாலும் பரவாயில்லை, படிவம் நிரப்ப நாங்கள் உட்கார்ந்திருப்போம்.