பெயர் கேட்காத படம்

வெங்காயச் செய்கை செய்யும் அம்மா ஒருவரின் வீட்டுக்கு அண்மையில் போயிருந்தேன். கதைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து உள்ளே போய், உதவி நிறுவனம் ஒன்று அச்சிட்ட கலண்டரைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். ஓகஸ்ட் மாதப் பக்கத்தில் அவரேதான் நின்றார். பழைய சட்டை, கலைந்த தலை, கையில் மண். கீழே ‘நம்பிக்கையின் அறுவடை’ என்று போட்டிருந்தது. அந்தப் படத்தை அறிக்கைக்காக எடுத்துக் கொடுத்தவள் நான்.

“கேட்டிருந்தால் நல்ல சீலையொன்று உடுத்திருப்பனே, பிள்ளை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீடு திரும்பும் வழியெல்லாம் வேறொரு பெண்ணின் படமே நினைவில் நின்றது. உங்களிலும் பலர் அதைக் கண்டிருப்பீர்கள். கிழிந்த கூடாரத்தின் கீழ் ஒரு தாய், மடியில் கைக்குழந்தை, இரு தோள்களிலும் முகம் மறைத்துச் சாய்ந்திருக்கும் இரு பிள்ளைகள். தாயின் கை கன்னத்தருகே. பார்வை எங்கோ தூரத்தில்.

1930களில் அமெரிக்காவில் பொருளாதார மந்தமும் வறட்சியும் விவசாயக் குடும்பங்களை ஊர்பெயர்த்தன. அவர்களுக்கு உதவுவதற்காக 1935இல் மீள்குடியேற்ற நிருவாகம் என்ற ஓர் அரச அமைப்பு உருவானது. (பெயர் நமக்கும் பழக்கமானதுதான்.) 1937இல் அது பண்ணைப் பாதுகாப்பு நிருவாகமாயிற்று. கிராமத்தின் கஷ்டத்தை நகரத்தாருக்குக் காட்டினால்தான் உதவித் திட்டங்களுக்கு ஆதரவு கிடைக்கும் என்று படப்பிடிப்பாளர்களை ஊரூராக அனுப்பினார்கள். அறுவடை, அடுப்படி, தேவாலயக் கூட்டம், ஊர் நடனம் என எடுக்கப்பட்ட சுமார் 175,000 கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன.

அப்படிச் சென்றவர்களில் ஒருவர் டொரொதியா லாங். 1936இன் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில், பயிர் அழிந்து வேலையற்றிருந்த பட்டாணி பறிப்போரின் முகாமில் அந்தத் தாயைக் கண்டார். பத்து நிமிடங்கள் நின்று சில படங்கள் எடுத்தார். வயது 32 என்று குறித்துக்கொண்டார். பெயரையோ கதையையோ கேட்கவில்லை என்று 1960இல் அவரே எழுதினார். படங்கள் பத்திரிகையில் வந்ததும் அரசாங்கம் அந்த முகாமுக்கு 20,000 இறாத்தல் உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து போய்விட்டது.

அவர் பெயர் புளோரன்ஸ் தொம்சன். உலகம் அதை அறிந்தது 1978இல். வெள்ளையின ஏழைத் தாய் என்றே எல்லோரும் நினைத்திருந்தவர், செரோக்கி பழங்குடி வழிவந்தவர். முதற் கணவர் 1931இல் காசநோயால் இறந்த பின்னர் வயல் வயலாகப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தவர். படத்தில் சோர்ந்து தெரிகிறாரே, ஒரே நாளில் 450 இறாத்தலுக்கு மேல் பருத்தி பறித்த கைகள் அவை. தன்னைப் படம் எடுத்திருக்கவே கூடாது என்றும், தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்றும் அவர் முறையிட்டார். உணவுக்காகக் காரின் ரயரை விற்றதாக லாங் எழுதியதைப் பிள்ளைகள் மறுத்தார்கள். தாங்கள் யாரென்று தெரிந்துவிடுமோ என்று வெட்கப்பட்டதாக மகள் ஒருத்தி சொன்னார்.

லாங்கைக் கெட்டவராக்க எனக்கு விருப்பமில்லை. அவரும் சம்பளத்துக்கு வேலை செய்தவர்தான். படங்கள் அரசாங்கத்துக்கே சொந்தமாயின. வேறு பல இடங்களில் மக்கள் சொன்னதைக் கேட்டுக் குறிப்பெழுதியவரும் அவரே. 1965இல் அவர் இறந்துவிட்டதால் புளோரன்சின் முறைப்பாட்டுக்குப் பதில் சொல்ல அவர் இருக்கவில்லை. 1983இல் புளோரன்ஸ் நோயில் விழுந்தபோது பிள்ளைகள் உதவி கேட்டார்கள். அந்தப் படத்தை நினைவில் வைத்திருந்தவர்கள் அனுப்பிய பணம் 25,000 டொலரைத் தாண்டியது. கடிதங்களை வாசித்த பிறகுதான் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தின் மேலிருந்த மனத்தாங்கல் குறைந்ததாம். ஆக, படத்தால் நன்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் 47 வருடங்கள்!

நம் நாட்டின் பழைய படங்களும் இப்படித்தான். பிரித்தானியர் காலத்து அஞ்சலட்டைகளில் மலையகப் பெண்கள் கூடையுடன் நிற்பார்கள். கீழே ‘கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்’ என்றிருக்கும். அட்டையை அச்சிட்ட நிறுவனத்தின் பெயர் தெளிவாகத் தெரியும். கூடை சுமந்தவளின் பெயர் எங்குமில்லை. அவளுடைய பேத்தியின் பேத்தி இன்று அதைப் பார்த்தாலும் தன் ஆச்சி என்று அறியமாட்டாள்.

எங்கள் வேலைக்குப் படம் தேவைப்படுகிறது. ஆடு கொடுத்தாலும் தையல் மெசின் கொடுத்தாலும் பயனாளியின் படம் இல்லாமல் அறிக்கை போகாது. உதவியை எதிர்பார்த்து நிற்கும் பெண்ணிடம் “எடுக்கலாமா?” என்று கேட்டால் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சமூகவியல் படித்த எனக்கே இந்தக் கேள்வி பிந்தித்தான் வந்தது.

சென்ற வாரம் அந்த அம்மாவிடம் திரும்பப் போனேன். மாம்பழ நிறச் சீலை, நெற்றியில் திருநீறு. வெங்காயத்துக்குள் நிற்கமாட்டேன் என்று வேம்படியில் கதிரை போட்டு உட்கார்ந்தார். கழுவிய பிரதி இரண்டு கொடுத்தேன். ஒன்று வீட்டுக்கு, மற்றது மகளுக்கு. பின்பக்கத்தில் தன் பெயரையும் ஊரையும் திகதியையும் அவரே எழுதிக்கொண்டார்.