கீழாநெல்லியும் காசநோய் மாத்திரையும்

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி. மதுரைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேரோடு பிடுங்கி, அலசி, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெய்ப் பலகாரம் பக்கம் போகக்கூடாது. நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் அதைக் குடித்து எழுந்தவர்கள்தாம். தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்காகக் கீழாநெல்லியைக் குறைத்துப் பேசுவதாக யாரும் கோபிக்க வேண்டாம்.

எனக்குக் கவலை வேறு. மாத்திரையால் கல்லீரல் கெடும், அதற்கு இந்தச் செடியே காப்பு என்ற பேச்சு இப்போது சிம்மக்கல் பக்கம் அதிகமாகிவிட்டது. முதல் பாதி உண்மை. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். பாரசிட்டமாலும் அளவு மீறினால் அப்படித்தான்.

எங்கள் தெருவில் மூட்டை தூக்கும் ஒரு தம்பி. காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. "சார், காமாலை வந்துருச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, இருபது நாள் கீழாநெல்லி குடித்தார். அது காமாலையே இல்லை. ரிஃபாம்பிசினின் சாயம் அது, எல்லோருக்கும் வரும். மாத்திரை கொடுத்தபோதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இருமல் கூடி, இளைத்து, கடைசியில் தோப்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போகும் ஆபத்து உண்டு. வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கும் தொற்றும்.

பசி அடியோடு போவது, வாந்தி, கண் வெள்ளை மஞ்சளாவது, இவைதான் பார்க்க வேண்டிய அடையாளங்கள். அப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பரிசோதிக்க வேண்டும். தேவைப்பட்டால் அவர்களே மருந்தை நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுப்பார்கள்.

கீழாநெல்லிக்கு விஞ்ஞான மரியாதை கிடைக்காமல் இல்லை. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க் முதலானோர் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்ததாம். ஊரே கொண்டாடியது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் வரவில்லை. அதுவும் கிருமிக்கான சோதனைதான், மாத்திரைக் கேட்டுக்கு அல்ல. மாத்திரைக் கேட்டைக் கீழாநெல்லி தடுக்கும் என்று காட்டும் ஆய்வுகளில் பெரும்பாலானவை எலியோடு நின்றுவிடுகின்றன. எலிக்கு முதலில் சாற்றைக் கொடுத்துவிட்டுப் பிறகு விஷத்தைக் கொடுப்பார்கள். ஆறு மாதம் மருந்து விழுங்கும் மனிதன் கதை வேறு.

செடி என்றால் தீங்கில்லை என்பதும் சரியல்ல. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்த சிலருக்குக் கல்லீரல் கெட்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அது வேறு இனச் சீந்திலாக இருக்கும் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அப்படியே வைத்துக்கொண்டாலும், கடையில் வாங்கும் பொடியில் எந்தச் செடி இருக்கிறதென்று நமக்கு எப்படித் தெரியும்? கீழாநெல்லிக்கும் அதே போலிருக்கும் தம்பிகள் உண்டு.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியும், சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும், நம் ராஜாஜி ஆஸ்பத்திரியும் ஒன்றாக உட்கார்ந்து இதை மனிதரிடம் முறையாகச் சோதிக்க வேண்டும். அதுவரை, கஷாயம் குடிக்கிறவர்கள் டாக்டரிடம் அதை மறைக்காதீர்கள். டாக்டர்களும், சொன்னவுடன் எரிந்து விழாமல் கேட்டு, சீட்டில் ஒரு ஓரமாகக் குறித்துக்கொள்ளட்டும்.