கடலின் கொழுப்பையும் அளக்க வேண்டும்

சென்னைக் கடலை அளக்க ஆள் இல்லாமல் இல்லை. பள்ளிக்கரணையில் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் இருக்கிறது, தேசிய கடல் தொழில்நுட்பக் கழகமும் அங்கேதான். சாந்தோம் நெடுஞ்சாலையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையமும், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையமும் உள்ளன. ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் காட்டும் கடல் வெப்பத்தையும் பச்சைய அளவையும் வைத்து, எங்கே மீன் கூடும் என்று மீனவர்களுக்குத் தகவல் அனுப்புகிறது. பச்சையம் மிகுந்த இடத்தில் நுண்பாசி மிகுதி, அங்கே மீன் வரும் என்பது கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால், அந்தப் பாசியில் சத்து இருக்கிறதா என்பதைப் பச்சையம் சொல்லாது. நுண்பாசியின் கொழுப்பையும் மாதந்தோறும் அளந்து வெளியிட வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

நொச்சிக்குப்பத்தில் வாங்கிய மத்தியைக் குழம்பில் போட்டுக் கொதித்ததும் மேலே எண்ணெய் மிதக்கிறதே, அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு பெரும்பாலும் மீன் தானாகச் செய்துகொண்டதல்ல. இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற அந்த இரண்டையும் தயாரிப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். அவற்றை மேயும் சிற்றுயிர் வழியாக மத்திக்கு, மத்தி வழியாக நமக்கு என்று அவை கைமாறி வருகின்றன. கருவில் வளரும் பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் டி.எச்.ஏ. வேண்டும். தியாகராய நகர் மருந்துக் கடையில் மாத்திரையாக வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கிக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு மத்தியும் நெத்திலியும்தான் வழி.

கடல் சூடானால் இந்தக் கொழுப்பு குறைகிறது. ஏன்? மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும், நல்லெண்ணெய் உறையாது. பாசியின் செல் சவ்வும் எண்ணெயால் ஆனதுதான். குளிர்ந்த நீரில் அது விறைத்துப்போகாமலிருக்க, எளிதில் உறையாத ஒமேகா-3 வகைகளைப் பாசி அதிகம் சேர்த்துக்கொள்கிறது. நீர் வெதுவெதுப்பானால் அந்தத் தேவை குறைகிறது, தயாரிப்பும் குறைகிறது. கடல் வெப்பம் 2.5 டிகிரி உயர்ந்தால் நுண்பாசிகளில் இ.பி.ஏ. 8.2 சதவீதமும் டி.எச்.ஏ. 27.8 சதவீதமும் குறையக்கூடும் என்று, அதுவரை வந்த ஆய்வுத் தரவுகளைத் தொகுத்து 2016-இல் ஹிக்சன், ஆர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கணித்தார்கள். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலோ 1951-க்கும் 2015-க்கும் இடையிலேயே சராசரியாக 1 டிகிரி சூடேறிவிட்டது.

வங்கக் கடலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி கொண்டுவரும் நன்னீரும் மழைநீரும் கடலின் மேலே ஓர் அடுக்காகப் படர்கின்றன. வெப்பம் ஏற ஏற மேல்நீரும் அடிநீரும் கலப்பது கடினமாகிறது. அடியிலிருக்கும் நைட்ரேட்டும் பிற ஊட்டமும் மேலே வருவது குறைகிறது. நைட்ரஜன் கிடைக்காத பல பாசிகள் பெருகுவதை நிறுத்தி, கொழுப்பைச் சேமிக்கத் தொடங்கும். மொத்தக் கொழுப்பை மட்டும் பார்த்தால் கூடியிருக்கும். ஆனால் அந்தச் சேமிப்பில் நிறைவுற்ற வகைகளே மிகுதி, ஒமேகா-3 சொற்பம். எனவே எவ்வளவு கொழுப்பு என்பதோடு எந்தக் கொழுப்பு என்பதையும் பிரித்து அளந்தால்தான் பயன்.

உலக வெப்பத்துக்குச் சென்னை என்ன செய்ய முடியும் என்று கேட்பார்கள். அடையாறு முகத்துவாரத்தில் நின்று பார்த்தால் விடை தெரியும். சாக்கடை கொண்டுசேர்க்கும் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் நம் கைங்கரியம். இ.பி.ஏ. மிகுந்த டயாட்டம் வகைப் பாசிக்கு ஓடு கட்ட சிலிக்கா வேண்டும். சாக்கடையில் நைட்ரஜனுக்கு ஈடான விகிதத்தில் அது இல்லை. நைட்ரஜன் கூடி சிலிக்கா பின்தங்கினால் டயாட்டம் இடம் இழக்கும், வேறு கூட்டம் குடியேறும். 2019 ஆகஸ்ட் 18 இரவு பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் அலைகள் நீலமாக ஒளிர்ந்தபோது ஊரே கைப்பேசியோடு கடற்கரையில் நின்றது. ஒளிர்ந்தது நாக்டிலூகா. டயாட்டங்களை விழுங்கி வளரும் உயிர் அது. அதை மேய்பவை பெரும்பாலும் சொறி மீன் போன்றவை. அடுத்த மாதமே மண்டபம் பகுதியில் நாக்டிலூகா பெருகி மீன்கள் செத்து ஒதுங்கின. ஓர் இரவின் ஒளிக்குச் சாக்கடையை மட்டும் காரணமாக்குவது நியாயமாகாது. ஆனால் கரையோர நீரில் யார் பெருகுவது என்பதைத் தீர்மானிப்பதில் சாக்கடைக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கை நிறுத்தும் அதிகாரம் முழுவதும் நம் அரசிடமே இருக்கிறது.

அடையாற்றைச் சீரமைக்க 1,500 கோடி ரூபாய்த் திட்டத்தை 2024 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. கரையில் நடைபாதையும் பூங்காவும் அமைப்பதை வைத்து அதன் வெற்றியை அளக்கக் கூடாது. மழைநீர் வடிகாலில் கலக்கும் கழிவுநீர் இணைப்புகளைத் துண்டிப்பதே முதல் வேலை.

அதோடு, பட்டினப்பாக்கம், ஊரூர் குப்பம், திருவான்மியூர் கடலில் மாதம் ஒருமுறை நீரும் மீனும் எடுத்து, பாசியின் வகையையும் கொழுப்பு அமிலங்களையும் சோதிக்க வேண்டும். மத்தியின் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், ஓராண்டுச் சோதனை போதாது. ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவி புதிதாக வந்த அதிசயமல்ல. அதை இயக்கத் தெரிந்தவர்களும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். மாதிரி எடுக்கும் படகுக்கு ஊரூர் குப்பத்து மீனவர்களையே கூலி கொடுத்து அமர்த்தலாம். நீரோட்டமும் நிறமும் மாறுவதை அவர்களைப் போல நாள்தோறும் பார்ப்பவர் வேறு யாருமில்லை. முடிவுகளைத் தமிழில் எழுதி, லூப் சாலை மீன் சந்தையின் பலகையில் ஒட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் முதல் மாதிரியை எடுத்தால், ஆற்றுவெள்ளம் வந்து சேரும் முன்னும் பின்னும் கடல் எப்படி இருக்கிறது என்பது இந்த ஆண்டிலேயே பதிவாகிவிடும்.