ஜிப் ஃபைல் வந்திருக்கா? பிரிக்கும் முன் இதைப் படிங்க!

கோவை வட்டாரத்து மில்களுக்கு லாரியில் வரும் பஞ்சுப் பொதிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பொதி 170 கிலோ. உதிரிப் பஞ்சாக ஏற்றினால் லாரி கொள்ளாது. அதனால் அழுத்திக் கட்டி அனுப்புகிறார்கள். மில்லில் கட்டைப் பிரித்தால் அதே பஞ்சு. வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் வரும் 'ஜிப்' ஃபைலும் இப்படி ஒரு பொதிதான்.

எப்படிச் சுருங்குகிறது?

ஒரு பில் பட்டியலில் 'கோயம்புத்தூர்' என்ற சொல் 500 முறை வருகிறது என வைத்துக்கொள்வோம். ஜிப் அதை முதலில் முழுதாக எழுதிக்கொள்ளும். திரும்ப வரும் இடங்களில் 'முன்னால் வந்ததேதான்' என்று சின்னக் குறிப்பு மட்டும் வைக்கும். பிரிக்கும்போது ஓர் எழுத்துகூடக் குறையாது.

ஆனால், ஜேபிஜி போட்டோவும் எம்பி4 வீடியோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை ஜிப் செய்தாலும் அளவு பெரிதாகக் குறையாது. பிறகு எதற்கு ஜிப்? திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று 80 டிசைன் படங்களை அனுப்ப வேண்டுமென்றால், ஒரே கட்டாகப் போகும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக போட்டோ அனுப்பினால் தரம் குறையும்; ஜிப்பாக அனுப்பினால் குறையாது.

எதில் திறப்பது?

ஜிப் வடிவத்தை 1989-ல் அறிமுகப்படுத்தியவர் அமெரிக்காவின் ஃபில் காட்ஸ். ஐபோனில் 'ஃபைல்ஸ்' ஆப்பிலும், ஆண்ட்ராய்டில் 'ஃபைல்ஸ் பை கூகுள்' ஆப்பிலும் தொட்டாலே பிரியும். 'ரார்', '7இசட்' வடிவங்களுக்குப் பெரும்பாலும் தனி ஆப் தேவை. கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11, 2023 அப்டேட்டுக்குப் பிறகு இவற்றையும் திறக்கிறது. 'வின்ரார்' வைத்திருப்பவர்கள் புதிய வெர்ஷனுக்கு மாறுவது அவசியம். 2023-ல் அதன் பழைய வெர்ஷனில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, ஆபத்தான ஃபைல்களை அனுப்பியது தெரியவந்தது.

பொதிக்குள் என்ன இருக்கு?

பிரித்த உடனே எதையும் தொட வேண்டாம். முதலில் ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். பிடிஎஃப், ஜேபிஜி என்றால் ஆவணம், படம். 'ஏபிகே' என்றால் அது ஆப். தொட்டு 'இன்ஸ்டால்' கொடுத்தால் போனுக்குள் புகுந்துவிடும். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடி பற்றி போலீஸார் எச்சரித்திருக்கிறார்கள். பத்திரிகைக்கு ஆப் எதற்கு? அனுப்பிய சொந்தக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அவருடைய வாட்ஸ்அப்பே திருடப்பட்டிருக்கலாம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

ஆதார் ஜிப்... கூடுதல் கவனம்!

ஆதார் தளத்தில் 'ஆஃப்லைன் இ-கேஒய்சி' டவுன்லோடு செய்தால் ஜிப் ஃபைலாகத்தான் வரும். அதற்கு நாமே கொடுக்கும் 4 இலக்க 'ஷேர் கோடு'தான் பூட்டு. உள்ளே பெயர், முகவரி, பிறந்த தேதி, போட்டோ எல்லாம் இருக்கும். ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கோடை போனில் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே சாட்டில் போட்டால் பூட்டோடு சாவியையும் கொடுத்த கதைதான்.

பிரவுசிங் சென்டரில் ஜிப்பைப் பிரித்தால், பக்கத்திலேயே பூட்டில்லாத இன்னொரு ஃபோல்டர் உருவாகியிருக்கும். ஜிப்பை மட்டும் அழித்துவிட்டு வந்தால் போதாது. அந்த ஃபோல்டரையும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்த பிறகே எழுந்து வாருங்கள்.