சராசரி என்கிற மிக்ஸி

எனக்குத் தெரிந்த பயாலஜி பேராசிரியர் ஒருவருக்கு மைக்ராஸ்கோப்பில் பச்சையும் மஞ்சளுமாக ஒளிரும் செல் படங்களைக் கண்டாலே ஆகாது. 'இதெல்லாம் மத்தாப்பு சார். சயின்ஸ்னா நம்பர். லட்சக்கணக்கில் செல்லை எடு, அரை, புரோட்டீன் எவ்வளவு இருக்குன்னு அள. முடிஞ்சுது' என்பார்.

இந்த வாரம் அவரோடு சண்டை.

பி53 என்று ஒரு புரோட்டீன். 1979-ல் கண்டுபிடித்தது. செல்லுக்குள் டி.என்.ஏ. சேதமானால், 'வேலையை நிறுத்து, ரிப்பேர் பண்ணு' என்று உத்தரவிடுவது இதுதான். ரிப்பேர் ஆகாத கேஸ் என்றால் 'செத்துப் போ' என்றும் சொல்லும். மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதன் ஜீன் பழுதாகியிருக்கிறது. ஆகவே, இது விளையாட்டு விஷயம் இல்லை.

செல்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, அரைத்து அளந்தபோது பி53-ன் அளவு ஏறி, இறங்கி, அலை போல ஆடிக்கொண்டே தேய்ந்தது. சரி, அப்படித்தான் வேலை செய்கிறது என்று நினைத்தார்கள்.

2004-ல் இஸ்ரேலின் வைஸ்மன் இன்ஸ்டிடியூட்டில் கலிட் லஹாவ், யூரி அலோன் குழுவினர் அரைக்கவில்லை. ஜெல்லி மீனிடமிருந்து கிடைத்த ஒளிரும் புரோட்டீனின் நிறம் மாற்றிய வகை ஒன்றை பி53-யோடு ஒட்டவைத்து, மார்பகப் புற்றுநோய் செல்களை உயிரோடு, ஒவ்வொன்றாக, மணிக்கணக்கில் படம் எடுத்தார்கள். தேய்கிற அலையைக் காணோம்! செல்களில் பி53 துடித்தது. சிலதில் ஒரு துடிப்பு, சிலதில் இரண்டு, சிலதில் ஒன்றுமே இல்லை. கதிர்வீச்சைக் கூட்டினால் துடிப்பின் உயரம் கூடவில்லை, எண்ணிக்கைதான் கூடியது. எல்லாவற்றையும் கலந்து அரைத்ததில் வந்ததுதான் அந்த அலை. ஊரில் ஒருத்தர்கூடச் செய்யாத காரியத்தை ஊரே செய்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதில்லை. தினம் ஐம்பது அடிக்கிறவனுக்கும், ஒரு நாள் நூறு, மறுநாள் முட்டை என்கிறவனுக்கும் சராசரி ஒன்றுதான். இரண்டு பேரும் ஒரே ஆட்டக்காரர்களா?

'அதனால் என்ன?' என்பார் பேராசிரியர். 2012-ல் ஹார்வர்டில் லஹாவின் குழு இதற்குப் பதில் சொன்னது. துடித்து அடங்கவேண்டிய பி53-ஐ ஒரு ரசாயனத்தால் இறங்கவிடாமல் பிடித்துவைத்தார்கள். துடிக்க விட்ட செல்களில் பெரும்பாலானவை தேறி மறுபடி பிரிந்தன. பிடித்துவைத்தவை பிரிவதையே நிரந்தரமாக நிறுத்திக்கொண்டன. அதே புரோட்டீன்தான். தாளம் மாறியது, செல்லின் தலையெழுத்தே மாறிவிட்டது.

இன்னும் இருக்கிறது. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்தால் சில செல்கள் சாகின்றன, சில தப்பிக்கின்றன. ஏன்? 2016-ல் அதே குழு பார்த்தபோது செத்தவை, தப்பியவை இரண்டிலுமே பி53 ஒரே மாதிரி உயரத்தைத்தான் எட்டியிருந்தது. ஆனால், செத்தவற்றில் சீக்கிரம் எட்டியது. நேரம் ஆக ஆக, சாவதற்குத் தேவையான பி53-ன் அளவும் கூடிக்கொண்டே போகிறது. மெதுவாக வந்தவை கோட்டைத் தாண்டமுடியாமல் பிழைத்துக்கொண்டன. அரைத்துப் பார்த்திருந்தால் இது ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது.

பேராசிரியர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. நூறு படம் எடுத்து, அழகான ஒன்றை மட்டும் அட்டையில் போட்டால் அது மத்தாப்புதான். எல்லா செல்லையும் நேரப்படி தொடர்ந்து அளந்தால்தான் படம் சாட்சியாகும். அதாவது, படத்திலும் நம்பர் இருக்கிறது சார். எதை அளப்பது என்பதில்தான் நமக்குள் தகராறு.

அடுத்தமுறை 'இந்த மருந்து புற்றுநோய் செல்களில் தொண்ணூறு சதவிகிதத்தைக் கொன்றது' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் கை தட்டுவதற்கு முன், மிச்சம் பத்து என்ன செய்துகொண்டிருந்தது, யாராவது உட்கார்ந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். வியாதி திரும்பி வந்தால், வருவது அந்தப் பத்திலிருந்துதான்.