நிற்காமல் போனால் துரத்தலாமா?

சினிமாவில் போலீஸாக வந்து கைதட்டல் வாங்கிய விஜயகாந்தை 2011-ல் சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி ரிஷிவந்தியம். படத்தில் போலீஸ் துரத்தினால் தியேட்டரில் விசில் பறக்கும். நிஜ ரோட்டில் துரத்தினால்?

2018 மார்ச் 7, திருச்சி பக்கம் திருவெறும்பூர். ஹெல்மெட் சோதனைக்கு நிற்காமல் போன பைக்கை ஒரு இன்ஸ்பெக்டர் விரட்டிப் போய் எட்டி உதைத்தார் என்பது புகார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து இறந்தார். கடைசியில் கைதானது இன்ஸ்பெக்டர்! ஹெல்மெட் போடாததற்கு அன்றைய அபராதம் வெறும் 100 ரூபாய்.

திருச்சி தூரம் என்று ஒதுக்கவும் முடியாது. 2021 ஜூன் ஊரடங்கில் சேலம் மாவட்டத்தில் டாஸ்மாக் மூடல், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் திறப்பு. இங்கே வந்து குடித்துவிட்டு பைக்கில் திரும்பியவரை பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் ஒரு எஸ்.எஸ்.ஐ. லத்தியால் அடித்த வீடியோ ஊரெல்லாம் பரவியது. மறுநாள் அவர் உயிரோடு இல்லை. அங்கேயும் கைதானவர் போலீஸ்காரர்தான்.

போலீஸ் கை காட்டினால் நிற்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. 'அப்போ ஓடுறவனை விட்டுடணுமா?' என்று கேட்கலாம். விட வேண்டாம். வண்டி நம்பரைக் குறித்தால் ஆர்.டி.ஓ. பதிவில் முகவரி கிடைக்கும். அடுத்த செக்போஸ்டுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லலாம். கொலை, கொள்ளை என்று பெரிய குற்றவாளி என்றால் விரட்டட்டும். ஹெல்மெட்டுக்கு எதற்கு?

இன்று தராத அபராதத்தை நாளை வீட்டுக்கே போய் வசூலிக்கலாம். போன உயிரை எந்த ஸ்டேஷனில் போய்க் கேட்பது?