அணு வர்த்தகமும் மக்களின் குரலும்

அணு உலைகளும் எரிபொருளும் நாடு விட்டு நாடு செல்கையில் அதற்கான அனுமதிப்பத்திரத்தை வழங்குவது யார், அத்தீர்மானத்தில் மக்களுக்கு இடமுண்டா என்ற கேள்வி பெரிதாக எழுப்பப்படுவதில்லை. எனினும் அமெரிக்காவின் அனுபவம் இவ்விடயத்தில் இரு பாடங்களைப் புகட்டுகின்றது.

1974இல் இந்தியா பொக்ரானில் அணுப் பரிசோதனை நடத்தியதைத் தொடர்ந்து, தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கான யுரேனிய ஏற்றுமதியை 1976இல் அமெரிக்கச் சூழல் அமைப்புகள் ஆட்சேபித்தன. அவ்வமைப்புகளுக்கு விசாரணை கோரும் சட்ட உரித்து இல்லையெனக் கூறிய அணுசக்தி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, தனது தற்றுணிபின் பேரில் பகிரங்க விசாரணையை நடத்தியது. 1978ஆம் ஆண்டின் அணுப் பரவல் தடைச் சட்டம், பொதுமக்கள் பங்கேற்புக்கான நடைமுறைகளை வகுக்குமாறு ஆணைக்குழுவைப் பணித்தது. ஆனால் பங்கேற்பு பொதுநலனுக்கு உகந்ததா என்பதை அதே ஆணைக்குழுவே தீர்மானிக்கும். கதவு திறக்கப்பட்டது, திறவுகோல் அதிகாரிகளின் கையிலேயே இருந்தது.

1980இல் தாராப்பூருக்கான எரிபொருள் அனுமதியை ஆணைக்குழு ஏகமனதாக மறுத்த போதிலும், ஜனாதிபதி கார்ட்டர் தமது நிறைவேற்று ஆணை மூலம் ஏற்றுமதிக்கு வழிவகுத்தார். பிரதிநிதிகள் சபை அதனை எதிர்த்தது. எனினும் செனட் சபையில் எதிர்ப்புத் தீர்மானம் 46க்கு 48 என்ற வாக்குகளால் தோல்வியுற்றது. விளைவு எதுவாயினும் காரணங்கள் பகிரங்கத்தில் விவாதிக்கப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை.

பிலிப்பைன்ஸின் கதையோ வேதனைக்குரியது. பட்டான் குடாநாட்டில், நட்டிப் எரிமலைக்கு அண்மையில் அமைக்கப்பட்ட அணு உலைக்கு 1980இல் அமெரிக்க ஏற்றுமதி அனுமதி கிடைத்தது. பெறும் நாட்டு மக்களின் சுகாதாரத்தையும் பாதுகாப்பையும் ஆராயும் கடப்பாடு ஆணைக்குழுவுக்கு இல்லையென 1981இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்க்கோஸின் இராணுவச் சட்ட ஆட்சியில் சொந்த நாட்டிலும் வாய் திறக்க முடியாதிருந்த அம்மக்களுக்கு வொஷிங்டனிலும் கதவு அடைபட்டது. 200 கோடி டொலருக்கும் மேல் விழுங்கிய அந்நிலையம் வர்த்தக ரீதியில் ஒரு அலகு மின்சாரத்தையேனும் வழங்கவில்லை. கடனை மக்கள் 2007 வரை செலுத்தினர்.

விற்பவரும் வாங்கும் அரசும் பேசி முடித்த பின்னர் அறிவிக்கப்படுபவர்களாக மக்கள் இருத்தலாகாது என்பதே எமது நிலைப்பாடு. வர்த்தக இரகசியம் என்ற திரை, பாதுகாப்புத் தொடர்பான ஆவணங்களையும் மறைத்துவிடக் கூடாது. அணுமின் உற்பத்தி குறித்து இலங்கையிலும் பேசப்பட்டுவரும் நிலையில், உடன்படிக்கைகள் கைச்சாத்திடப்படுவதற்கு முன்னரே தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் அனைவருக்கும் அவரவர் மொழியில் விபரங்கள் வழங்கப்பட்டு, அவர்களது கருத்துக்கள் செவிமடுக்கப்பட வேண்டும். சுமையைத் தாங்கப் போகின்றவர்களிடம் கேளாமல் எடுக்கப்படும் தீர்மானத்தின் விலையைப் பட்டான் ஏற்கனவே உணர்த்தியுள்ளது.